தலை நிக்காத பாப்பாவும் திறக்காத கதவும்

1/
கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

ஊசி மருந்தில் இருக்கிற வெளி டிஎன்ஏ நம்ம செல்லோட உட்கருவுக்குள்ள எப்படிப் போகுது? அதுவும் பிரியவே பிரியாத நரம்பு செல்லுக்குள்ள? இதுதான் விஷயம். இதை நான் உட்கார்ந்து படிக்கக் காரணம் ஒரு அம்மா கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னாடி என்னோட தப்பு ஒண்ணும் இருக்கு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

(அந்தக் குடும்பத்திடம் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் தெரியும் விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
2021. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். புதன்கிழமைன்னா குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். அன்னைக்கே வாசலில் பந்தல் போட்டு கொரோனா ஊசி கேம்ப்பும் நடக்குது. கூட்டம் ரோடு வரைக்கும் நிக்குது.

வரிசையில் நின்ன ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊசியப் போட்டா நம்ம டிஎன்ஏ மாறிடுமாமே? பேரன் வாட்ஸ்அப்புல காட்டுனான்."

"அதெல்லாம் சும்மா தாத்தா, கைய நீட்டுங்க" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டேன்.

3/
உள்ளே ஒரு பொண்ணு, மூணரை மாசக் குழந்தையோட. 14-வது வார ஊசி. முதல் குழந்தை.

"பாப்பா கால உதைக்கவே மாட்டேங்குது மேடம். தலையும் இன்னும் நிக்கல."

கூட வந்த மாமியார் முந்திக்கிட்டாங்க: "இவ அப்பனும் எல்லாமே லேட்டாத்தான் செஞ்சான்."

பாப்பாவைப் பார்த்தேன். என்னைப் பார்த்து நல்லா சிரிச்சுது. முகம் அவ்வளவு தெளிவு. "சில குழந்தைங்க மெதுவாத்தான் வரும்மா. அடுத்த மாசம் பார்ப்போம்" என்றேன். மொத்தம் இருபது நொடி. குழந்தையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

4/
அடுத்த மாசம் அவங்க வரல. இரண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி வந்தாங்க. மூச்சுத் திணறல். மூச்சு இழுக்கும்போது வயிறு மேலே வருது, நெஞ்சு உள்ளே போகுது. கால் இரண்டும் தவளை மாதிரி விரிஞ்சு கிடக்கு. நாக்கு புழு நெளியிற மாதிரி துடிக்குது. கண்ணு மட்டும் அதே தெளிவோட என்னையே பார்த்துச்சு.

பாடப்புத்தகத்தில் படிச்ச படம் அப்படியே முன்னால இருந்தது. 108-ல் ஏத்தி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். மரபணுப் பரிசோதனையில் உறுதியானது: எஸ்.எம்.ஏ., டைப் 1.

5/
எஸ்.எம்.ஏ. என்பது தண்டுவடத்தில் இருக்கிற இயக்க நரம்பு செல்கள் ஒண்ணொண்ணா செத்துப்போகிற நோய். எஸ்.எம்.என்.1 என்ற மரபணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வரணும். இரண்டுமே பழுதுன்னா அந்த நரம்பு செல்லுக்கு வேண்டிய புரதம் போதுமான அளவு கிடைக்காது. நரம்பு போனா தசை போச்சு. கடைசியில் மூச்சுத் தசையும்.

ஏறக்குறைய 10,000 பிறப்புக்கு ஒண்ணு. 40, 50 பேரில் ஒருத்தர் தெரியாமலேயே ஒரு பழுதான பிரதியைச் சுமந்துக்கிட்டு இருக்கலாம். சொந்தத்தில் கட்டாதவங்களுக்கும் வரும்.

அறிவு மட்டும் பழுதே ஆகாது. அந்தக் கண்ணோட தெளிவு அதனாலதான்.

6/
டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்க வந்தாங்க. அப்போ 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊர் ஊரா பணம் திரட்டின செய்தி டிவியில் ஓடிக்கிட்டு இருந்த நேரம்.

"அந்த ஊசியில என்னதான் இருக்கு மேடம்? ஒரே ஒரு தடவ போட்டா எப்படி ஆயுசுக்கும் போதும்?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு இன்னொண்ணு கேட்டாங்க.

"மூணரை மாசத்துலயே கண்டுபிடிச்சிருந்தா?"

எனக்கு இரண்டுக்குமே பதில் சொல்ல வாய் வரல. இந்த இழை அந்த இரண்டு கேள்விக்குமான பதில்.

7/
முதல்ல உட்கரு. ஒரு மில்லிமீட்டரை நூறா வெட்டினா வர்ற ஒரு துண்டு அளவுதான் இருக்கும். அதுக்குள்ள இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ சுருட்டி வெச்சிருக்கு. சுத்தி இரட்டைச் சுவர். செல்லுக்குள்ள வர்றது ஒரு வேலைன்னா, அந்தச் சுவரைத் தாண்டுறது தனி வேலை.

8/
அது எவ்வளவு கஷ்டம்னு 1980-ல் மரியோ கபெக்கி காட்டினார் (2007-ல் வேறொரு வேலைக்காக நோபல் வாங்கியவர்). முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசியால் டிஎன்ஏவை நேரா உட்கருவுக்குள்ள குத்தினார். பாதிக்கும் மேற்பட்ட செல்களில் அந்த மரபணு வேலை செஞ்சது. அதே டிஎன்ஏவை உட்கருவுக்கு வெளியே, செல்லோட சாறுக்குள்ள விட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செல்களில் ஒண்ணுகூட வேலை செய்யல.

வீட்டு வாசல் வரைக்கும் வந்தாச்சு, பூஜை ரூமுக்குள்ள விடல. அவ்வளவுதான்.

9/
ஆனா ஒரு நேரத்தில் மட்டும் அந்தச் சுவரே இருக்காது. செல் இரண்டா பிரியும்போது.

எங்க ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைப் புதுக் கட்டிடத்துக்கு மாத்தினப்போ நடந்தது: அன்னைக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. கட்டில் போகுது, பீரோ போகுது, யார் வர்றாங்க போறாங்கன்னு வாட்ச்மேனுக்கே தெரியல. சாயங்காலம் பார்த்தா டீக்கடைக்காரர் ட்ரம்மோட உள்ள உட்கார்ந்திருக்கார்.

செல் பிரியும்போதும் அதேதான். உட்கருவோட சுவர் கலைஞ்சு மறுபடி கட்டப்படும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ன வெளி டிஎன்ஏ உள்ளே மாட்டிக்கும். எலிகளுக்கு ரத்தப் புற்று உண்டாக்கும் சில ரெட்ரோவைரஸ்கள் இந்த நாளுக்காகவே காத்திருக்கும்.

10/
நரம்பு செல் பிறந்த பிறகு பிரியறதே இல்லை. வார்டு மாத்துற நாளே வராது. நமக்கு 80 வயசானா அதுக்கும் 80 வயசு.

இன்னும் ஒரு ஆச்சரியம். எலி மூளையில் பார்த்திருக்காங்க: உட்கரு வாசலைக் கட்டியிருக்கிற புரதங்களில் சில, அந்த எலியோட ஆயுள் முழுக்க மாத்தப்படாம அப்படியே இருக்கு. அதே கதவு, அதே வாட்ச்மேன்.

அப்போ உள்ளே போக ஒரே வழி, அந்த வாட்ச்மேனைத் தாண்டுறதுதான்.

11/
சுவர் முழுக்க ஓட்டைகள். ஒரு உட்கருவுக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 30 வகைப் புரதங்களால் கட்டின பெரிய வாசல். நடுவில் பாசி மாதிரி புரத இழைகள் அடைச்சு நிக்கும். ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்குக் கீழே உள்ள சின்ன மூலக்கூறுகள் தானா நுழைஞ்சிடும். பெருசுக்கெல்லாம் பாஸ் வேணும்.

அந்த பாஸ் என்ன தெரியுமா? புரதத்தோட உடம்பிலேயே எழுதியிருக்கிற ஒரு சின்ன அமினோ அமில வரிசை. எஸ்.வி.40 என்ற வைரஸோட புரதத்தில் 1984-ல் கண்டுபிடிச்சது வெறும் 7 எழுத்து. அந்த 7 எழுத்தைப் பார்த்தா இம்போர்ட்டின் என்கிற அட்டெண்டர் வந்து கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிக்கிட்டுப் போவார்.

வெறும் டிஎன்ஏகிட்ட இந்த பாஸ் கிடையாது. கபெக்கி பார்த்தது இதைத்தான்.

12/
வைரஸ்கள் இந்தப் பூட்டை ரொம்ப நாளா திறந்துக்கிட்டு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தந்திரம்.

ஹெர்பிஸ் குடும்பம்: இதோட உறை ஏறக்குறைய 125 நானோமீட்டர். வாசலை விடப் பெருசு. அதனால் வாசலில் வந்து ஒட்டிக்கிட்டு, டிஎன்ஏவை மட்டும் உள்ளே பீய்ச்சி அடிக்கும். சின்ன வயசில் சின்னம்மை போட்ட வைரஸ் இந்தக் குடும்பம்தான். நரம்பு செல்லோட உட்கருவில் பல பத்து வருஷம் படுத்துக் கிடந்து, வயசான காலத்தில் இடுப்பைச் சுத்தி அக்கியா வரும். நம்ம ஊரில் காவி எழுதுவாங்களே, அதே அக்கி. (வந்தா மூணு நாளுக்குள்ள டாக்டரைப் பாருங்க, மாத்திரை இருக்கு.)

13/
எச்.ஐ.வி: கூம்பு மாதிரி உறை. அகலம் ஏறக்குறைய 60 நானோமீட்டர். உட்கருவுக்கு வெளியேயே இந்த உறை உடைஞ்சிடும்னுதான் நாங்க படிச்ச காலத்தில் சொன்னாங்க. இப்போ நுண்ணோக்கியில் பார்த்தா, முழுசாவே வாசலில் நுழையுது. அங்கிருக்கிற புரத இழைகளோட ஒட்டி ஒட்டி வழுக்கிக்கிட்டுப் போகுது.

பிரியாத செல்லிலும் எச்.ஐ.வி. குடியேற முடியறது இந்தத் திறமையால்தான். அந்த உறையையே குறிவெச்சு வந்த மருந்துதான் லெனகாபவிர். 6 மாசத்துக்கு ஒரு தடவை போடுற ஊசி.

14/
அடினோவைரஸ்: ஏறக்குறைய 90 நானோமீட்டர். வாசல் வரைக்கும் வந்து அங்கே உடைஞ்சு, டிஎன்ஏவை உள்ளே விடும்.

இங்கே நான் அந்தப் பெரியவருக்குச் சொல்லாத பதிலைச் சொல்லிடறேன்.

தாத்தா, கோவிஷீல்டு அடினோவைரஸ் வகை. அதிலுள்ள டிஎன்ஏ, ஊசி போட்ட இடத்துச் செல்களோட உட்கருவுக்குள்ள போறது உண்மைதான். ஆனா அது நம்ம டிஎன்ஏவோட சேர்றதுக்காகச் செஞ்சது இல்லை. நம்ம டிஎன்ஏவை வெட்டி உள்ளே ஒட்டுற கத்தரி எச்.ஐ.வி.கிட்ட இருக்கு, இதுகிட்ட இல்லை. பெருகறதுக்கான மரபணுவையும் வெட்டி எடுத்தாச்சு. தனியா இருந்து கொஞ்ச நாள் செய்தி கொடுக்கும், அப்புறம் அந்தச் செல்லோடவே முடிஞ்சிடும். எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிக்கு உட்கருவுக்குள்ள போற வேலையே கிடையாது.

"அதெல்லாம் சும்மா"ன்னு சொன்னது சோம்பேறித்தனம். நீங்க கேட்டது நல்ல கேள்வி.

15/
இப்போ 16 கோடி ஊசி. பேர் சோல்ஜென்ஸ்மா. அமெரிக்காவில் 2019 மே மாசம் அனுமதி கிடைச்சது, 2 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு. அப்போ அங்கே விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலரா இருந்தது.

உள்ளே இருக்கிறது ஏ.ஏ.வி.9 என்கிற வைரஸோட வெறும் ஓடு. வைரஸோட சொந்த மரபணுக்களை எடுத்துட்டு, அந்த இடத்தில் நல்ல எஸ்.எம்.என். மரபணுவை வெச்சிருக்காங்க. ஓட்டோட குறுக்களவு 25 நானோமீட்டர்தான். அதனால் உடையாமலேயே வாசலில் நுழைய முடியும். இந்த 9-ம் நம்பர் வகைக்கு இன்னொரு திறமை உண்டு. கையில் நரம்பூசியா போட்டாலே ரத்தத்தில் இருந்து தண்டுவடத்துக்குள்ள கடக்கும்.

16/
அதோட பயணம் இப்படி:

நரம்பு செல்லோட மேல்தோலில் ஒட்டும். செல் அதை ஒரு பைக்குள்ள இழுத்துக்கும். பைக்குள்ள அமிலம் ஏறும். அந்த அமிலம் பட்டதும் ஓட்டுக்குள்ள மடிஞ்சு கிடந்த ஒரு பகுதி வெளியே நீளும். அதில் பையைக் கிழிக்கிற நொதியும் இருக்கு, உட்கருவுக்குப் போற பாஸும் இருக்கு. பையைக் கிழிச்சு வெளியே வந்து, பாஸைக் காட்டி, வாசல் வழியா உள்ளே போய், அங்கே ஓடு கழண்டு டிஎன்ஏ வெளியே வரும்.

ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவை செத்துப்போகும். செல்லோட குப்பைத்தொட்டிக்குப் போறதுதான் அதிகம்.

17/
அதனாலதான் டோஸ் அவ்வளவு பெருசு. ஒரு கிலோ எடைக்கு 110 லட்சம் கோடி வைரஸ் துகள். 5 கிலோ குழந்தைக்கு 550 லட்சம் கோடி. எழுத்துப்பிழை இல்லை.

இவ்வளவு வெளிப்பொருள் ஒரே நாளில் ரத்தத்தில் இறங்கினா கல்லீரல் அடி வாங்கும். முந்தின நாளே ஸ்டீராய்டு ஆரம்பிச்சு குறைஞ்சது ஒரு மாசம் கொடுப்பாங்க. அப்படியும் கல்லீரல் செயலிழந்து இறந்த குழந்தைகள் உண்டு. இது மந்திர ஊசி இல்லை, மருந்து.

18/
சரி, ஒரே ஊசி எப்படி ஆயுசுக்கும் போதும்?

உள்ளே போன டிஎன்ஏ பெரும்பாலும் நம்ம குரோமோசோமோட சேராது. பக்கத்தில் ஒரு வளையமா தனியா கிடக்கும். செல் பிரிஞ்சா இந்த வளையத்துக்கு நகல் எடுக்கப்படாது. ஒண்ணு இரண்டாகி, இரண்டு நாலாகும்போது வளையம் ஏதோ ஒண்ணுல மட்டும் மிஞ்சும். வளர்ற குழந்தையோட கல்லீரலில் இந்தப் பிரச்சினை உண்டு.

நரம்பு செல்தான் பிரியாதே! அதனால் வளையம் அங்கேயே இருக்கும், புரதம் வந்துக்கிட்டே இருக்கும். உள்ளே விட மறுத்த அதே குணம்தான், உள்ளே வந்ததை வெளியே போகாமலும் காப்பாத்துது.

இரண்டாவது தடவை போட முடியாது. முதல் ஊசியிலேயே உடம்பு அந்த ஓட்டுக்கு எதிர்ப்பு உண்டாக்கிடும்.

19/
இது முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவது கேள்விதான் கஷ்டம்.

பிரியாத செல் என்பதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. செத்தா அந்த இடத்துக்கு வேற செல் வராது. தோலும் கல்லீரலும் வளரும். இயக்க நரம்பு வளராது. ஊசி உயிரோட இருக்கிற நரம்பைத்தான் காப்பாத்தும். காலியான நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காது.

20/
கணக்கைப் பாருங்க. 2017-ல் வெளியான முதல் ஆய்வில், அறிகுறி வந்த பிறகு முழு டோஸ் வாங்கின 12 குழந்தைகளில் 11 பேர் தானா உட்கார்ந்தாங்க. நடந்தது 2 பேர். (சிகிச்சை இல்லாத டைப் 1 குழந்தை உட்காரவே உட்காராது.)

அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே, பிறந்து 6 வாரத்துக்குள்ள போட்ட இன்னொரு ஆய்வு. டைப் 1 வரக்கூடிய மரபணு அமைப்புள்ள 14 குழந்தைகள். 14 பேரும் உட்கார்ந்தாங்க. பெரும்பாலானவங்க மத்த குழந்தைங்க உட்கார்ற அதே வயசிலேயே.

அதே ஊசி, அதே டோஸ். மாறினது போட்ட நாள் மட்டும்.

21/
அதனால் அம்மா, மூணரை மாசத்தில் நான் கண்டுபிடிச்சிருந்தா?

16 கோடி அப்பவும் நம்மகிட்ட இருந்திருக்காது. ஆனா ரிஸ்டிப்லாம் என்கிற வாய்வழி மருந்து அதே வருஷம் இந்தியாவுக்கு வந்திருந்தது. விண்ணப்பம் போட இரண்டு மாசம் கூடுதலா கிடைச்சிருக்கும். சளி கட்டாம பார்த்துக்கிறது, மூச்சுக்கு மெஷின், ட்யூப் வழியா பால் என்று முன்னாடியே தயாரா இருந்திருக்கலாம். அந்த இரண்டு மாசத்தில் செத்த நரம்புகளில் கொஞ்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம், காப்பாத்த முடியாமலும் போயிருக்கலாம்.

ஆனா அந்த இரண்டு மாசத்தை வாங்கித் தர்ற வேலை என்னோடது. நான் செய்யல.

பாப்பா 11-வது மாசத்தில் இறந்துட்டா.

22/
இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில், குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியா 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு இடம் இருக்கு. ரிஸ்டிப்லாமுக்கு 2025-ல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்திய ஜெனரிக் வந்தது.

நம்ம வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபீலியா ஏ-க்கு மரபணு சிகிச்சை செஞ்சு, 5 பேரோட முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டாங்க. அங்கே பயன்படுத்தினது லென்டிவைரஸ், அதாவது எச்.ஐ.வி. குடும்பத்து ஓடு. பிரியாத செல்லிலும் நுழையும்னு 13-ல் சொன்னேனே, அந்தத் திறமைக்காகத்தான் மூல ரத்த செல்களுக்கு இந்த ஓட்டைத் தேடிப் போறாங்க.

16 கோடின்னு கேட்டதும் கைவிட்டுடாதீங்க. கேட்கவேண்டிய கதவுகள் இப்போ இருக்கு.

23/
இரண்டு வருஷம் கழிச்சு அந்த அம்மா மறுபடி வந்தாங்க. 8 வாரக் கர்ப்பம். நாலில் ஒரு வாய்ப்பு மறுபடி வரும்னு அவங்களுக்கே தெரியும். 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியில் துளி எடுத்து டெஸ்ட் பண்ணலாம். அனுப்பி வெச்சோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் அவங்க வீட்டில் யாரும் அதைப் பத்திப் பேசலையாம். நானும் போன் வந்தாலே திடுக்குன்னு பார்ப்பேன்.

ஒரு பிரதிதான் பழுது. நோய் வராது.

14-வது வார ஊசிக்குப் பையனைக் கூட்டிக்கிட்டு வந்தப்போ, நான் கேட்கறதுக்கு முன்னாடியே சொன்னாங்க: "தலை நின்னுடுச்சு மேடம். இருந்தாலும் நீங்க ஒரு தடவ தூக்கிப் பாத்துடுங்க."

24/
இதைப் படிக்கிற அம்மா, அப்பா, பாட்டிமார்களுக்கு:

- 4 மாசத்தில் தலை நிக்கல
- கை காலை உதைக்காம துணி மாதிரி துவண்டு கிடக்கு
- அழுகைச் சத்தம் சன்னமா இருக்கு, பால் குடிக்கவே களைச்சுப் போகுது
- மூச்சு விடும்போது நெஞ்சுக்குப் பதிலா வயிறு மட்டும் ஏறி இறங்குது
- முன்னாடி செஞ்ச ஒரு அசைவை இப்போ செய்யல

இதில் ஒண்ணு இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. பெரும்பாலும் வேற சாதாரண காரணமா இருக்கும். "மெதுவாத்தான் வரும்"னு டாக்டரே சொன்னாலும், "ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. கோபப்பட்டா படட்டும்.

25/
படுத்திருக்கிற குழந்தையோட இரண்டு கையையும் பிடிச்சு மெல்ல உட்கார வைக்கணும். தலை கூடவே வருதா, பின்னாடி தொங்குதான்னு பார்க்கணும். பத்து நொடி ஆகும்.

இப்போ என்கிட்ட வர்ற ஒவ்வொரு 14 வாரக் குழந்தைக்கும் இதைச் செய்யறேன். வரிசை ரோடு வரைக்கும் நின்னாலும்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. ட்யூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.